வெல்டை உடைத்துக் காட்டுங்கள், சார்

கேள்வி: அரசு ஐடிஐ ஒன்றில் வெல்டர் பிரிவில் உதவிப் பயிற்சி அலுவலராக இருக்கிறேன். புதுமையாகக் கற்பிப்பது பற்றிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வந்த சூட்டில் பையன்களைக் குழுவாகப் பிரித்து, வீடியோ காட்டி நடத்தினேன். ஆர்வமாகத்தான் இருந்தார்கள். அடுத்த பேட்ச் வந்ததும் நானே பழையபடி டெமோ, ஜாப் (பையன் செய்து காட்டும் பயிற்சித் துண்டு), கையெழுத்து என்று ஆகிவிட்டேன். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் 'ஆரம்ப சூரத்தனம்' என்று கிண்டல் வேறு. இதை எப்படி நிலைக்க வைப்பது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கிண்டலை விடுங்கள். நீங்கள் கொண்டுவந்தது பாடத்துக்கு மேல் ஒட்டிய கூடுதல் வேலை, அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, ரெக்கார்டில் இடமும் கிடையாது. வெல்டர் ஒரு வருஷக் கோர்ஸ்தான், சிலபஸை முடிக்க ஓட ஆரம்பித்தால் முதலில் கழன்று விழுவது இந்த மாதிரி விஷயம்தான்.

ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், அதுவும் இப்போது நடக்கிற ஜாப்புக்குள்ளேயே. டி ஜாயின்ட் ஃபில்லட் (ஒரு பிளேட்டின் மேல் இன்னொன்றை T போல நிறுத்தி மூலையில் போடும் வெல்டு) போடச் சொல்கிறோம், பையன் போட்டு, வெல்டின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டி, பிரஷ் போட்டு நீட்டுகிறான், நாம் மேலாகப் பார்த்து 'பரவாயில்லை' என்று கையெழுத்துப் போடுகிறோம், ஜாப் மூலைக்குப் போய்விடுகிறது. இனி ஒரு பக்கம் மட்டும் வெல்டு போட வையுங்கள். ஆறியதும் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, வெல்டு இருக்கிற பக்கமாகவே மடக்கி உடைக்கச் சொல்லுங்கள் (பாதுகாப்புக் கண்ணாடி போடாதவன் பக்கத்தில் நிற்கக் கூடாது). மேலே அடுக்கடுக்காக அழகாக இருந்தது உள்ளே எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பொடி ஓட்டைகள் இருந்தால் வெல்டிங் ராடு ஈரமா, ஆர்க் (ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரியும் தீப்பொறி) நீளமா? கறுப்பாக ஸ்லாக் மாட்டியிருக்கிறதா? மூலையில் பிளேட்டின் விளிம்பு உருகாமல் அப்படியே கோடாக நிற்கிறதென்றால் கரண்ட் குறைவா, ராடு பிடித்த கோணம் தப்பா? இதையெல்லாம் அவனே சொல்ல வேண்டும், அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நம் ஆட்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

அப்புறம், நிலைக்க வைக்கிற வேலை. உடைந்த துண்டைப் போனில் படம் எடுத்து, காரணத்தை அவன் கையாலேயே இரண்டு வரி எழுத வைத்து, அந்த ஜாப்பின் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட் (பயிற்சி நடக்கும்போதே போடும் மதிப்பீடு) சான்றாக ஃபைலில் சேருங்கள். செய்த ஜாப், ரெக்கார்டு, வாய்மொழித் தேர்வு, ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் சான்றாக வைத்திருக்க டிஜிடி (ஐடிஐகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் மத்திய அரசின் பயிற்சி இயக்குநரகம்) பாடத்திட்டமே சொல்கிறது, அதனால் தனியாக யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். இந்த அசெஸ்மென்ட்டில் தேற 60 சதவீதம் வேண்டும், தியரிக்கு 33 போதும், ஆக எதில் அக்கறை காட்ட வேண்டும் என்று பையனுக்கே புரியும். நாளைக்கு உங்களுக்கு மாற்றல் வந்தாலும் அடுத்து வருபவர் ஃபைலைப் பிரித்ததும் அது கண்ணில் படும்.

பக்கத்துப் பிரிவுக்காரரிடம் 'புதுமை' என்ற பேச்சே எடுக்காதீர்கள், உடைக்கிற அன்றைக்கு டீ குடிக்கப் போகிற வழியில் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: என் மகன் படிக்கிற ஐடிஐக்குப் புது மெஷின்கள் வந்திருக்கின்றன, ஆனால் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன என்கிறான். ஏன்? (வாசகி, கரூர்)

பதில்: பயம்தான் அம்மா. மெஷின் கெட்டால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர் தலையில் விடியும். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 (கணினி, ரோபோ கலந்த நவீன உற்பத்தி முறை) மையங்களாக மாற்றியது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரிப்பேருக்கும் கச்சாப் பொருளுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி, 'பையன் கையில் உடைந்தால் உங்களைக் கேட்க மாட்டோம்' என்று எழுத்தில் கொடுக்காதவரை எந்த வாத்தியாரும் சாவியைக் கொடுக்க மாட்டார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அடுத்த முறை முதல்வரைப் பார்க்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த மெஷினில் ஒரு பையனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?