வாத்தியாரைக் கேளுங்கள்: ஓட்டு குப்பைக்கா போச்சு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 2021 மே 2-ல் வந்த தமிழ்நாடு சட்டசபைத் தேர்தல் முடிவு பற்றித்தான். எல்லாருக்கும் பதில் சொல்ல இடமில்லை, மன்னிக்கவும்.

கே.எம்., கோவை: எனக்கு வயது 19, இதுதான் முதல் ஓட்டு. இரண்டு கழகங்களுக்கும் போடாமல் மூன்றாவதாக ஒரு கட்சிக்குப் போட்டேன். முடிவு வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "உன் ஓட்டு குப்பைக்குப் போச்சு" என்றார். 1967-லிருந்து இவர்களை விட்டால் வேறு ஆளே கிடையாதா சார்?

அப்பா சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

தே.மு.தி.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் தனியாக நின்று 8.38 சதவீத ஓட்டு வாங்கியது. கிடைத்தது விருத்தாசலம் ஒரே ஒரு தொகுதி. 2011-ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்றது. ஓட்டு 7.88 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் இடங்கள் 29! தி.மு.க.வைத் தாண்டி எதிர்க்கட்சியாகவே உட்கார்ந்தது. ஓட்டு குறைய இடம் கூடும் இந்தக் கணக்கை என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது போட்டிருந்தால் சுழித்திருப்பேன். இந்தத் தேர்தலிலும் அதே கதைதான். நாம் தமிழர் கட்சி 234 தொகுதியிலும் நின்று ஆறரை சதவீதம் வாங்கியது, ஓர் இடமும் இல்லை. விடுதலைச் சிறுத்தைகள் கூட்டணியில் ஆறே தொகுதியில் நின்றார்கள். மாநிலக் கணக்கில் ஒரு சதவீதம்தான், நாலு எம்.எல்.ஏ. கிடைத்தார்கள்.

காரணம் தொகுதிக் கணக்கு. ஒரு தொகுதியில் யார் முதலில் வந்தாரோ அவருக்கே எல்லாம். தியாகராய நகரில் 137 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. இரண்டாவதாக வந்தவருக்கு விழுந்த ஓட்டெல்லாம் சட்டசபைக் கணக்கில் பூஜ்யம்தான். பெரிய கட்சிகளும் இதில் அடிவாங்கியிருக்கின்றன. 1991-ல் தி.மு.க. 22 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் இரண்டே இடம். 1996-ல் அ.தி.மு.க. 21 சதவீதத்துக்கு மேல், நாலு இடம். ஆனாலும் முறையை மாற்றியே தீர வேண்டும் என்று இரண்டு பேரும் தெருவுக்கு வரவில்லை. ஊஞ்சல் திரும்பித் தம் பக்கம் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

இது அப்பாவின் பாதி. மிச்சப் பாதியை நான் என் கண்ணால் பார்த்தேன். சர்வீஸில் இருந்தபோது பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை பார்த்திருக்கிறேன். காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தும்போது ஏஜென்ட் என்று ஐந்தாறு பேர் வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் குறையும். ஓட்டுப்பதிவு முடிந்து, விழுந்த ஓட்டுக் கணக்கை எழுதும் 17-சி படிவத்தில் கையெழுத்து வாங்கத் தேடினால் பெஞ்சில் இரண்டே பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் உதயசூரியன், இன்னொருவர் இரட்டை இலை. பகலெல்லாம் முறைத்துக்கொண்டவர்கள் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பதையும் பார்த்திருக்கிறேன். தெருவில் யார் வெளியூர் போனார், யார் இறந்தார் என்று பட்டியலைப் பார்க்காமல் சொல்வார்கள். மூன்றாவது கட்சிக்காரர் மேடையில் நன்றாகப் பேசுவார், பெஞ்சில் அவருடைய ஆள் இருக்க மாட்டார். முறையை மட்டும் திட்டினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் ஓட்டு குப்பைக்குப் போகவில்லை. 2006-ல் அந்த எட்டு சதவீதத்தைப் பார்த்துத்தான் 2011-ல் கூப்பிட்டு 41 தொகுதி கொடுத்தார்கள். அப்படிக் கூப்பிட்டுக் கொடுத்த பிறகு அந்தக் கட்சி என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 2016-ல் இரண்டரை சதவீதம்கூட இல்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்: விகிதாச்சார முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

வாங்கிய ஓட்டு சதவீதத்துக்குத் தக்கபடி இடம் தருவதுதான் விகிதாச்சார முறை. எல்லாம் ஆகாது, கொஞ்சம் ஆகும். நியூசிலாந்தில் 1981-ல் சோஷியல் கிரெடிட் என்ற கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 92 இடத்தில் கிடைத்தது இரண்டு. அதற்கு மேல், 1978-லும் 1981-லும் அதிக ஓட்டு வாங்கிய கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. ஜனங்கள் விடவில்லை. 1993-ல் பொதுவாக்கெடுப்பில் முறையையே மாற்றினார்கள், 1996-ல் புது முறைப்படி தேர்தல் நடந்தது. நம் ஊரில் ஆறரை சதவீதத்துக்கு 234-ல் 15 இடம் என்று நீங்கள் கணக்குப் போட்டு அனுப்பியிருப்பது சரி. ஆனால் முறை மாறினால் ஜனங்கள் ஓட்டுப் போடும் விதமும் மாறும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி, கும்பகோணம்: நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் உண்டுதானே?

கிடையாது அம்மா. அடுத்து யாருக்கு அதிகமோ அவர் எம்.எல்.ஏ. ஆனாலும் அந்தப் பொத்தானைக் கேவலமாகப் பேச மாட்டேன். 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அது வருவதற்கு முன்னால் யாருக்கும் போட விருப்பமில்லை என்று சாவடியிலேயே சொல்லிப் பதிய வைக்கும் 49-ஓ என்று ஒரு விதி இருந்தது. 2011-ல் என் சாவடியில் ஒரு பெண் மை வைத்துக்கொண்ட பிறகு, "எனக்கு யாரும் வேண்டாம்" என்றார். ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் 17-ஏ பதிவேட்டில் நான் அதை எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பெஞ்சில் இருந்த ஏஜென்டுகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ரகசிய ஓட்டு நாட்டில் அவருக்கு மட்டும் ரகசியம் இல்லை.

டி.ஆர்., தென்காசி: யார் ஆண்டால் என்ன சார், எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகிறது. சொல்ல ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

இத்தனை கடிதத்தில் உங்களுடையதுதான் எனக்கு உறைத்தது. இந்த 2021 மே வரை நகராட்சி, மாநகராட்சிகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2011-ல். பதவிக்காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. உங்கள் மாவட்டத்தையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில் கிராம ஊராட்சிக்கும் 2021 மே வரை அதே நிலைமைதான் இருந்தது. சட்டசபைத் தேர்தலைப் பற்றிப் பொரிந்து தள்ளியவர்களில் ஒருத்தர்கூட இதை எழுதவில்லை.

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, தெரியுமா? 2019 டிசம்பரில் எங்கள் ஊரில் இளஞ்சிவப்புச் சீட்டில் ஆட்டோ ரிக்‌ஷாவும் பூட்டு சாவியும் மோதின. உள்ளுக்குள் யார் எந்தக் கழகம் என்று எல்லாருக்கும் தெரியும், அது வேறு. நான் போட்டது பூட்டு சாவிக்கு, ஜெயித்தது ஆட்டோ. போன மாசம் மோட்டார் பழுதானபோது காலை ஆறு மணிக்கு ஆட்டோ வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வெளியே வந்தார். பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்தது.