பழைய பிளேட்டைப் புதுசு என்று விற்றால்?

கேள்வி: என்னிடம் 1972-ம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 கார் இருக்கிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டதால், சென்னையில் உள்ள உதிரிபாகக் கடை ஒன்றில் போனில் பேசி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், கார்பன் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘பழைய ஸ்டாக், ஆனால் பிரிக்காத புதுசு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டோவுடன் எழுதினார்கள். யுபிஐயில் பணம் அனுப்பினேன். மாட்டி 200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. வண்டி கிளம்பும்போது உதறுகிறது, மேட்டில் கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்த மெக்கானிக், ‘பழைய பிளேட்டுக்கு லைனிங் (உராயும் பட்டை) மட்டும் புதிதாக அடித்திருக்கிறார்கள்’ என்கிறார். கடைக்காரரோ, ‘மாட்டிய பொருளை வாங்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறது’ என்கிறார். கூலி 4,500 ரூபாயும் தண்டம். வழக்குப் போட முடியுமா? – வாசகர், மதுரை.

பதில்: முடியும். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனு போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 34-வது பிரிவு இடம் தருகிறது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும்.

ஆனால் மனுவில் எதை எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ‘கிளட்ச் சீக்கிரம் போய்விட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். கிளட்ச் தேய்மானப் பொருள், பெடலில் கால் வைத்தபடி ஓட்டியிருப்பார், மெக்கானிக் சரியாக மாட்டவில்லை என்று எதிர்த்தரப்பு வரிசையாக அடுக்கும். உங்கள் புகார் வேறு: பழையதைப் புதுசு என்று சொல்லி விற்றார். பழைய பொருளையோ புதுப்பிக்கப்பட்ட பொருளையோ புதியது என்று காட்டுவது, அந்தச் சட்டத்தின் 2(47)-வது பிரிவில் நேரடியாகவே நியாயமற்ற வணிக முறை என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு கேரண்டி கார்டு தேவையில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதும் கடைக்காரரைக் காப்பாற்றாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. அதனால் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, ‘பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள்’ என்று இன்றே எழுத்தில் கேளுங்கள்.

இனி சாட்சியம். உங்கள் வழக்கின் உயிர் கடைக்காரர் விற்ற அந்தப் பிளேட்டில் இருக்கிறது. மெக்கானிக் ஷெட்டில் கழற்றிய சாமான் சாயங்காலமே காயலான் கடைக்குப் போய்விடும். முதலில் அதைத் தடுங்கள். பிளேட்டைத் துடைக்காமல், கழுவாமல் அப்படியே வைத்துப் படமெடுங்கள். நடு ஹப்பின் உள்பக்கப் பற்களில் நகத்தை ஓட்டினால் படி படியாகத் தட்டுப்படுகிறதா பாருங்கள். லைனிங் 200 கிலோமீட்டரில் கருகிப்போகலாம். வழுக்கினால் சீக்கிரம் கருகும். ஆனால் ஸ்ப்லைன் எனப்படும் இந்தப் பற்களில் படி விழ வருடக்கணக்கான ஓட்டம் வேண்டும். ரிவெட் துளை நீள்வட்டமாகியிருப்பது, ஹப்பைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்குகள் கூட்டுக்குள் லொடலொடவென்று ஆடுவது, புதுப் பெயிண்டுக்கு அடியில் துருக்குழி தெரிவது எல்லாமே ‘இது புதுசு அல்ல’ என்று சொல்லும். ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து, வண்டி நம்பர் தெரியும்படி ஒரு படமும் சேர்த்து எடுங்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஆயிலாகத்தான் இருக்கும். உங்கள் வண்டியின் 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில், கிராங்க் என்னும் சுழல்தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டு மட்டும்தான். அங்கே கசிவது இந்த இன்ஜினின் பிறவிக்குணம். ‘ஆயில் பட்டு வழுக்கியிருக்கிறது, பிளேட்டில் குற்றமில்லை’ என்பார்கள். அதனால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உட்புறத்தையும், கிளட்ச் பிளேட் அழுந்தும் ஃபிளைவீல் முகத்தையும் துடைப்பதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள். அங்கே நிஜமாகவே ஆயில் இருந்தால் மறைக்காதீர்கள். ‘வழுக்கியது’ என்ற குற்றச்சாட்டைப் பின்னுக்குத் தள்ளி, பல் தேய்மானத்தை மட்டும் முன்னால் வையுங்கள். ஆயிலால் பல் தேயாது.

மெக்கானிக்கிடம் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, வண்டி நம்பர், தேதி, வேலை, தொகை எழுதிய கூலி ரசீது. இது இல்லாமல் 4,500 கிடைப்பது கஷ்டம். இரண்டு, கண்டதை மட்டும் சொல்லும் பிரமாணப் பத்திரம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி 38-வது பிரிவில் கேட்கலாம். கட்டணத்தை நீங்கள்தான் முன்கூட்டிக் கட்ட வேண்டும், நாளும் இழுக்கும். 9,500 ரூபாய்ப் பொருளுக்குப் படமும் பிரமாணப் பத்திரமும் போதும் என்பது என் கருத்து. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். அச்செடுத்துக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யுங்கள். கூடவே 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையங்களின் இணையதளமான இ-ஜாக்ரிதியிலோ நேரிலோ மனு. செலுத்திய விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மனு போடக் கெடு 2 ஆண்டு என்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். விலை, வட்டி, கூலி, நியாயமான அளவில் மன உளைச்சல் இழப்பீடு, வழக்குச் செலவு கேளுங்கள். லட்சங்களில் கேட்டால் உண்மையான கோரிக்கையின் மதிப்பும் குறைந்துவிடும்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: இந்தக் காரைக் கல்யாணத்துக்கோ ஷூட்டிங்குக்கோ வாடகைக்கு விடுகிறீர்களா? அப்படியானால் ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்று ஆட்சேபம் வரும். அதுவே உங்கள் சுயதொழில், பிழைப்பு என்றால் சட்டம் விலக்கு தருகிறது, மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த செட் வாங்கும்போது ‘அம்பாசடர் கிளட்ச்’ என்று மட்டும் கேட்காதீர்கள். 1992-க்குப் பிறகு வந்த 1.8 இசுசு இன்ஜின் வண்டியும் அம்பாசடர்தான். அதன் கிளட்ச் உங்களுக்கு ஆகாது. வருடம், இன்ஜின், பழைய பிளேட்டின் வெளிவிட்டம், பற்களின் எண்ணிக்கை, கார்பன் பேரிங்கா பால் பேரிங்கா என்பதை எழுதி, ‘இந்த வண்டிக்குப் பொருந்துமா?’ என்று கேட்டு பதில் வாங்குங்கள். அப்போதுதான் சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 16-வது பிரிவில் பொருத்தத்துக்கான பொறுப்பு விற்பவர் தலையில் ஏறும். நீங்களாகவே பிராண்ட் பெயர் மட்டும் சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கிளட்ச் கிடைக்கவில்லை, இன்ஜினையே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

நோட்டீஸ் போனதும் கடைக்காரர், ‘செட்டை பார்சலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்பார். அனுப்பாதீர்கள். மெக்கானிக் ஷெட்டுக்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் பிளேட் உங்கள் கையை விட்டுப் போக வேண்டும்.