நடுத்தூணில் வெல்டிங் செய்த கார்: வாங்கலாமா?

கேள்வி: டர்பன் ஸ்பிரிங்ஃபீல்டில் பழைய கார் விற்பவர் ஒருவரிடம் 2019 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டுநர் பக்கம், இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூணில் மட்டும் பெயிண்ட் சற்று மாறித் தெரிகிறது. கேட்டால், "சின்ன இடிதான். உள்ளே தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறோம். கம்பெனியில் வந்ததைவிட இப்போது பலம் கூடுதல்" என்கிறார். ரோட்வொர்த்தி, அதாவது சாலையில் ஓட்டத் தகுதியான கார் என்ற சான்றிதழும் தருவாராம். விலை மற்ற இடங்களைவிட 20,000 ரேண்ட் குறைவு. வாங்கலாமா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: இந்த நிலையில் வேண்டாம். "கம்பெனியில் வந்ததைவிடப் பலம்" என்ற ஒரு வாக்கியமே, வேலை செய்தவருக்கு அந்தத் தூணைப் பற்றி எதுவும் தெரியாது என்பதைக் காட்டிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் வெளித்தகட்டுக்குள் வலுவூட்டும் தகடு ஒன்று ஒளிந்திருக்கிறது. அண்மைக் கால மாடல்கள் பலவற்றில் அது போரான் கலந்த எஃகு. சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அச்சில் அழுத்தும்போதே சட்டென்று குளிரவைக்கிறார்கள். அப்போது அதன் வலிமை ஏறத்தாழ 1,500 மெகாபாஸ்கலுக்கு ஏறிவிடுகிறது. சாதாரண பாடித் தகட்டுக்கு 300 வந்தாலே அதிகம். சூடாக்கிக் குளிர்வித்ததால் வந்த இந்த வலிமை, மறுபடி சூடு பட்டால் போய்விடும். வெல்டிங் வெப்பம் பட்ட பகுதி மென்மையாகி, அடுத்த மோதலில் அங்கேதான் மடியும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்த எஃகை இடையில் வெட்டி ஒட்டுவதையும் சூடாக்கி நிமிர்த்துவதையும் தடை செய்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

"கூடுதல் தகடு வைத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பீர்கள். தூண் எங்கே மடிய வேண்டும் என்பதும் கணக்குப் போட்டுச் செய்த விஷயம். சில கார்களில் அதன் மேற்பகுதியை மிகக் கடினமாகவும் அடிப்பகுதியை வேண்டுமென்றே சற்று மென்மையாகவும் வைக்கிறார்கள். பக்கவாட்டில் இடி விழும்போது இடுப்பு உயரத்தில் தகடு உள்ளே வரட்டும், நெஞ்சுக்கும் தலைக்கும் நேராக வர வேண்டாம் என்பது கணக்கு. அந்த அடிப்பகுதியில் ஒருவர் தடித்த தகட்டைப் பதித்தால் மடிப்பு மேலே ஏறி உங்கள் விலா எலும்புக்கு நேராக வந்துவிடும். போதாததற்கு, பக்கவாட்டு ஏர்பேக்கை இயக்கும் உணர்கருவி பல கார்களில் அந்தத் தூணின் அடியில்தான் இருக்கிறது.

தூணில் கை வைத்த கார் எல்லாமே கழிவு என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டின்படி, அது சொன்ன இணைப்புகளில் மட்டும் பிரித்து, புதிய பாகத்தைப் பொருத்தி, பாடியை அசையாமல் பிடித்து அளக்க உதவும் ஜிக் என்ற சட்டத்தில் ஏற்றி அளந்து முடித்த வேலை என்றால் ஓட்டலாம். அப்படிச் செய்தவரிடம் உதிரிபாக ரசீதும் அளவுத் தாளும் இருக்கும். உங்கள் விற்பனையாளரிடம் முதலில் அவற்றைக் கேளுங்கள்.

பிறகு பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். கதவைத் திறந்து, தூணின் விளிம்பில் செருகியிருக்கும் ரப்பரை ஒரு சாண் நீளத்துக்கு மெல்ல இழுத்துவிடுங்கள். கம்பெனி வேலையாக இருந்தால் தகட்டின் விளிம்பில் சிறு சிறு வட்டக் குழிகள் ஏறக்குறைய சீரான இடைவெளியில் தெரியும். அவை ஸ்பாட் வெல்டிங். அந்த இடத்தில் மேடு பள்ளமும், பெயிண்டுக்கு அடியில் அரைத்த கீறலும், விரலால் பூசியது போன்ற சீலரும் இருந்தால் பாடியைத் தட்டிச் சரிசெய்யும் பேனல் பீட்டரின் கை பட்டிருக்கிறது. பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 300-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் தைத்திருக்கும் லேபிளையும் படியுங்கள். காரின் வருடத்தைவிடப் பெல்ட்டின் வருடம் புதியதாக இருந்தால், பழைய பெல்ட் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும்.

ரோட்வொர்த்தியை நம்பி இருக்காதீர்கள். பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கு அது உதவும். தூணின் உள்மூடியைக் கழற்றி வெல்டிங்கை ஆராய்வது அந்தச் சோதனையின் வேலை அல்ல. பதிவுச் சான்றிதழில் கோட் 2, அதாவது பயன்படுத்திய கார், என்று இருப்பதும் போதாது. மீண்டும் கட்டிய வாகனத்துக்குக் கோட் 3, உதிரிபாகத்துக்கு மட்டும் உரியதற்கு 3ஏ, நொறுக்க வேண்டியதற்கு 4 என்று பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய கார்கள் கோட் 2 ஆகவே ஏலத்துக்குப் போய்ச் சந்தைக்குத் திரும்புவது இந்த நாட்டில் பழைய கதை. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கம் இதற்காகவே இணையத்தில் ஒரு தேடல் வசதி வைத்திருக்கிறது. காரின் அடையாள எண்ணான வி.ஐ.என். எண்ணை அதில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 68-ஆம் எண், குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை நீங்களே சொல்லலாம். ஆனால் "நடுத்தூண் பழுதுபார்க்கப்பட்டது" என்று ஒப்பந்தத்தில் குறிப்பிட்டு, நீங்களும் தெரிந்தே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தக் குறைக்கு அந்த உரிமை கிடைக்காது. பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரிக்கு முன்னால் 20,000 ரேண்ட் தள்ளுபடி பெரிய தொகை அல்ல.

கேள்வி: அக்கம்பக்கத்துக்காரர் ஒருவரிடம் கார் வாங்கினேன். இப்போதுதான் முன் தூண் ஒட்டுப்போட்டது என்று தெரிகிறது. ஒப்பந்தத்தில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று எழுதியிருக்கிறது. வழி உண்டா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: கார் விற்பதைத் தொழிலாகச் செய்யாதவரிடம் வாங்கியதால், அம்மா, மேலே சொன்ன சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. "ஃபூட்ஸ்டூட்ஸ்", அதாவது உள்ளது உள்ளபடியே விற்கிறேன் என்ற நிபந்தனை, செல்லும். ஆனால் குறை அவருக்குத் தெரிந்திருந்து, உங்களை ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று நிரூபித்தால் அந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றாது. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மோட்டார் தொழில்துறை குறைதீர்ப்பாளரும் தொழில்துறையினர் மீதான புகார்களையே பார்ப்பார். உங்களுக்கு வழக்கறிஞரோ சிறு வழக்கு நீதிமன்றமோதான்.

கேள்வி: இரண்டு ஏர்பேக் இருக்கிறது, போதும் என்கிறார் பக்கி (பிக்அப் வண்டி) விற்பவர். சரிதானா?
– டோங்காட் வாசகர்

பதில்: கூடு நிற்காவிட்டால் ஏர்பேக் மட்டும் என்ன செய்யும்? கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஆப்பிரிக்காவுக்காக நடத்தும் மோதல் சோதனையில், 2018-இல் நிஸான் என்பி300 ஹார்ட்பாடி இரண்டு ஏர்பேக்குடனேயே பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. பாடி நிலையற்றது என்று அறிக்கை சொன்னது. நீங்கள் பார்க்கும் மாடலின் அறிக்கையைத் தேடி, நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் பாடி நிலையானதா என்ற வரியையும் படியுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்காக உள்ளே ரோல் கேஜ் (பந்தயக் கார்களில் இருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) போட வேண்டும் என்கிறான் மகன்.
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். பந்தயத்தில் ஹெல்மெட்டும் பல புள்ளி பெல்ட்டும் சேர்ந்துதான் அது பயன்படும். வெறுந்தலையோடு ஓட்டுபவருக்கு அந்தக் குழாயே அடிக்கும். தலையோர ஏர்பேக் விரியும் வழியையும் அடைத்துவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டான் என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வாய்ப்பு உண்டு.