கடலாமை வரும் கரையில் இரவில் ஏன் டோர்ச் அடிக்கக் கூடாது?

வெளிச்ச மாசு என்பது, இருளாக இருக்கவேண்டிய இடத்தில் நாம் போடும் வெளிச்சம். கொழும்பிலிருந்து, கடலாமைகள் முட்டையிட வரும் கொஸ்கொட கரைப்பக்கம் போகிறவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், தாழ்வாகவும் வெளிச்சமாகவும் தெரியும் அடிவானத்தை நோக்கி ஊரும். இயற்கையில் அது கடல்தான். ஹோட்டல் விளக்கோ போன் டோர்ச்சோ எரிந்தால், மின்வெட்டில் ஜெனரேட்டர் ஓடும் கடைப்பக்கம் சனம் திரும்புவது போல, அவையும் கரைப்பக்கம் திரும்பிவிடும். பிறகு நாய், நண்டு, காலை வெயில்.

ஃபிளாஷும் வேண்டாம். அவசியமென்றால் மங்கிய சிவப்பு விளக்கு, அதையும் நிலத்தைப் பார்த்தபடி பிடியுங்கள். முட்டையிட வரும் தாயாமையின் முன்னால் போகாமல் பின்பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். பிள்ளைகள் தோண்டிய மணல் குழியை மூடிவிட்டே கிளம்புங்கள். விழுந்த குஞ்சுக்கு ஏறி வரத் தெரியாது.

குஞ்சுகளைச் சில நாள் தொட்டியில் வைத்திருந்தால் பலம் பெறும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், ஆழ்கடல் வரை நீந்தத் தேவையான சக்தி அந்தத் தொட்டியிலேயே வீணாகிறது.