காலி சைட்டில் முளைத்த கீரையைச் சாப்பிடலாமா?

கேள்வி: கோவை புறநகரில் இருக்கிறோம். மழை பெய்துவிட்டால் போதும், என் மாமியார் பக்கத்துக் காலி சைட்டில் இறங்கி பருப்புக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை என்று மடி நிறையப் பறித்து வந்து கடைந்துவிடுகிறார். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் என் கணவருக்கு இரண்டு வருடம் முன்பு சிறுநீரகக் கல் எடுத்தார்கள். ஆக்சலேட் கல் என்றார்கள். மாமனார் இதய வால்வு மாற்றி ‘அசிட்ரோம்’ மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து வயதுப் பையனும் இருக்கிறான். எல்லாரும் சாப்பிடலாமா? கேட்டால் அத்தை கோபித்துக்கொள்கிறார்.

பதில்: அத்தையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதிய நாலும் நம் ஊரில் காலங்காலமாகச் சாப்பிடுகிற கீரைகள்தான். செடியை அடையாளம் காண்பதில் கைபேசிச் செயலியைவிட அவர் கண்ணைத்தான் நான் நம்புவேன். என் கவலை செடியைப் பற்றி இல்லை, அது நிற்கிற மண்ணைப் பற்றி. அவர் பறித்துப் பழகியது சோளக்காட்டிலும் வரப்பிலும். காலி சைட் என்பது வேறு சமாச்சாரம். இடித்த வீட்டுக் கட்டடக் கழிவு, பேட்டரி, கழிவுநீர், பன்றி எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய வீட்டுச் சுவரை இடித்துக் கொட்டிய இடத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். கீரைவகைகள் அதை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். மேலே ஒட்டிய மண் கழுவினால் போகும், உள்ளே ஏறிய ஈயம் போகாது, வேகவைத்தாலும் போகாது. பெரியவர்களைவிடப் பையனின் மூளை வளர்ச்சியைத்தான் இது பாதிக்கும். களைக்கொல்லியும் அப்படித்தான் ஏமாற்றும். கிளைபோசேட் அடித்த செடி மஞ்சளாக ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை பச்சைப்பசேல் என்று நிற்கும். அதனால் கழிவு கொட்டிய சைட், சாலையோரம், சாக்கடை ஓரம் மூன்றும் வேண்டாம். தெரிந்தவர் தோட்டமோ தோப்போ இருந்தால் அங்கே பறிக்கட்டும். மொட்டை மாடியில் நல்ல மண் நிரப்பிய தொட்டியில் பருப்புக்கீரைத் தண்டைக் கிள்ளி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். அத்தைக்கும் பறிக்கிற சந்தோஷம் போகாது.

பன்றி என்றேன் இல்லையா? பன்றிக்கறி வழியாக மனிதக் குடலுக்கு வருகிற நாடாப்புழுவின் முட்டை, மனிதக் கழிவு கலந்த மண்ணில் இருக்கலாம். அது வேகவைக்காத இலையோடு வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பு வரலாம். பன்றிக்கறியைத் தொடாத சைவக் குடும்பங்களிலும் இது வருகிறது. ஈர நிலத்து வல்லாரையைப் பச்சையாக மெல்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நன்றாகக் கொதித்தால் முட்டை செத்துவிடும்.

இனி உங்கள் கணவர். கல்லை உண்டாக்குகிற ஆக்சலேட் உப்பு பருப்புக்கீரையில் நிறைய. பாலக் கீரைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. அவருடைய பங்கை மட்டும் தனியாக எடுத்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடையுங்கள். கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பகுதி தண்ணீரோடு போய்விடும். ‘சத்தெல்லாம் போச்சே’ என்று அத்தை சொல்வார். உண்மைதான், வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் கூடவே கொஞ்சம் போகும். அதனால்தான் மற்றவர்கள் பங்கை அப்படியே விடச் சொல்கிறேன்.

‘கீரையும் தயிரும் சேரக்கூடாது’ என்பது உங்கள் வீட்டிலும் இருக்கும். கல் வந்தவருக்கு நான் நேர் எதிராகச் சொல்வேன். தயிரில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். கீரை சாப்பிடுகிற அதே வேளையில் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிடட்டும். கல்லுக்குப் பயந்து பால், தயிரை நிறுத்துகிறவர்களுக்குத்தான் ஆக்சலேட் அதிகம் ஏறுகிறது. கீரை வாரம் ஒருநாள் போதும். தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டாம்: ‘சிறுநீரகத்துக்கு நல்லது’ என்று மூக்கிரட்டையையோ வேறு இலையையோ அரைத்துச் சாறாகக் குடிப்பது. கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று இரும்பன் புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசலாக ஒரு கரண்டி சாப்பிடுவதும், ஒரு கட்டு இலையை டம்ளருக்குள் அடக்கிக் குடிப்பதும் ஒன்றல்ல.

மாமனார் கதை வேறு. அசிட்ரோம் ரத்தம் உறையாமல் தடுக்கிறது. கீரையின் வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்கிறது. மழைக்காலத்தில் தினமும் கீரை, கோடையில் ஒன்றுமில்லை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு தாறுமாறாகும். ஏறினால் ரத்தக்கசிவு, இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி. கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். வாரம் இரண்டு நாள், இரண்டு கரண்டி என்று வைத்தால் வருடம் முழுக்க அதே அளவு. இப்போதே அளவு மாறியிருந்தால் அடுத்த வாரம் ஐ.என்.ஆர். பாருங்கள்.

பையனைப் பறிக்க அனுப்பாதீர்கள். பருப்புக்கீரை போலவே தரையோடு படர்கிற பால்செடிகள் உண்டு. தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். பருப்புக்கீரையில் தண்ணீர்தான் கசியும். இது அத்தைக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. குப்பைமேனியையும் கலவைக்கீரையில் சேர்க்க வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இலங்கையில் இது பதிவாகியிருக்கிறது.

எப்போதாவது ஊமத்தை இலை கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் வாய் வறளும், கண்மணி விரியும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சமைக்காத மீதி இலையையும், ஆய்ந்து போட்ட தண்டையும் ஒரு கவரில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள்; எந்தச் செடி என்று தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.