கையில் காசில்லாமல் மருத்துவ ஆராய்ச்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வளரும் நாடு ஒன்றில், தலைநகரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் சிறிய அரசு மருத்துவமனையில் டாக்டராக இருக்கிறேன். ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் பணமோ, ஆய்வகமோ, புள்ளியியல் தெரிந்த ஆளோ கிடையாது. எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று, வெளிநாட்டுக் குழு ஒன்று எங்கள் நோயாளிகளின் ரத்த மாதிரிகளை அனுப்பச் சொல்கிறது; கட்டுரையில் என் பெயரையும் போடுவார்களாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், அதற்குள் அவசரப்பட்டு சரி என்று மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள்.

இல்லை, இல்லை என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆராய்ச்சிக் கேள்வி அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அந்த நோயாளியை சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்து, ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். லட்சக்கணக்கான நோயாளிகள் இருக்கும் நாட்டில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? சென்னையில் 1956இல் தொடங்கிய மையம் ஒன்று 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959இல் வந்த முடிவு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. படுக்கை இல்லாததால் எழுந்த கேள்விக்குக் கிடைத்த பதில், படுக்கைகள் நிறைய இருந்த நாடுகளின் சிகிச்சையையும் சேர்த்து மாற்றியது.

இன்குபேட்டர் தட்டுப்பாட்டில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் டாக்டர் எட்கர் ரே 1978 வாக்கில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் தொடும்படி அணைத்து வைக்கத் தொடங்கியதும் இதே கதைதான், விரிவாகச் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்று என்று கையேடுகள் சொல்லிக்கொண்டிருந்தன, பெரும்பாலோர் சந்தேகப்படவில்லை. உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். வென்டிலேட்டரோ தீவிர சிகிச்சைப் பிரிவோ இல்லாத இடங்கள் அவை. வேகமாகத் திரவம் பெற்ற குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், பெறாதவர்களில் 7.3 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது, 2011இல் வெளியானபோது பலரால் நம்பவே முடியவில்லை. எங்கோ எழுதிய கையேடு உங்கள் வார்டுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் வார்டில்தான் பார்க்க முடியும்.

அதற்காக நாளைக்கே மருந்துச் சோதனையில் இறங்கிவிடாதீர்கள். ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களிலிருந்து தொடங்குங்கள். காசநோய் மருந்தை யார் பாதியில் விடுகிறார்கள், எந்த மாதத்தில்? பிரசவத்துக்கு வந்த பெண் வாசலில் நுழைந்ததற்கும் அவளை ஒருவர் பரிசோதித்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது? இப்படிப்பட்ட கேள்விக்குப் பேனாவும் பொறுமையும் போதும். செயல்பாட்டு ஆய்வு என்று இதற்குப் பெயர், ஏதோ இரண்டாம் தர வேலை என்று நினைக்கவேண்டாம்.

கேள்வி முடிவானதும் ஒரு சின்ன வேலை. ரெஜிஸ்டரில் ஏதாவது 50 வரிகளை எடுத்து, உங்களுக்கு வேண்டிய கட்டங்களில் எத்தனை காலியாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கையோடு, யாருடைய கட்டம் காலி என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள், சொல்லாமல் போய்விட்டவர்கள், இரவில் இறந்தவர்கள், இவர்களுடைய முடிவுதான் எழுதப்படாமல் இருக்கும். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் உங்கள் மருத்துவமனை உலகத்திலேயே சிறந்தது என்று முடிவு வரும்! பாதிக்குமேல் காலி என்றால் கேள்வியை மாற்றுங்கள், அல்லது இன்றிலிருந்து ஒழுங்காக நிரப்ப ஏற்பாடு செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

புள்ளியியல் ஆள் இல்லை என்கிறீர்கள். முதல் ஆய்வுக்கு எண்ணிக்கை, சதவீதம், நம்பக எல்லை (உண்மையான அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு) இவை போதும். எப்பி இன்ஃபோ, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கைபேசியில் தகவல் சேகரிக்க கோபோ டூல்பாக்ஸ் இருக்கிறது. ஆனால் மென்பொருள் காப்பாற்றாத இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, சின்ன எண்ணிக்கையை நம்புவது. 60 பேருக்கு ஒரு மருந்து கொடுத்தீர்கள், ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை, அப்படியானால் பாதுகாப்பானதா? ஒருவருக்கும் பாதிப்பு இல்லாதபோது 3ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது ஒரு தோராயக் கணக்கு: 3ஐ 60ஆல் வகுங்கள், 5 சதவீதம். உண்மையில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை பாதிக்கப்படும் வாய்ப்பை உங்கள் 60 பேர் மறுக்கவில்லை. இன்னொன்று, முன்பு–பின்பு ஒப்பீடு. மழைக்காலத்தில் மலேரியா உச்சத்தில் இருக்கும்போது ஒரு திட்டத்தைத் தொடங்கி, மழை நின்றபின் நோய் குறைந்ததைப் பார்த்து வெற்றி என்று எழுதிவிடுவார்கள். போன வருடம் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள், அப்புறம் பேசலாம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி எந்த ஆய்வுக்கும் முன்பே வாங்கவேண்டும். பழைய ரெஜிஸ்டரைத்தானே புரட்டுகிறேன், இதற்கு எதற்கு அனுமதி என்று பலர் கேட்கிறார்கள். அதுபோன்ற ஆய்வுக்கு நோயாளியின் ஒப்புதல் தேவையில்லை என்று குழு விலக்கு தரலாம்தான், ஆனால் அதைச் சொல்லவேண்டியது குழு, நீங்கள் இல்லை. முடித்தபின் அனுமதி கேட்டால் கிடைக்காது, அனுமதி எண் இல்லாத கட்டுரையை நல்ல இதழ்கள் தொடாது. உங்கள் மருத்துவமனையில் குழு இல்லையென்றால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். பின்னாளில் சிகிச்சைச் சோதனை செய்வதானால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவுசெய்துவிட வேண்டும்.

படிப்பதற்குக் கட்டுரைகள் கிடைக்கவில்லையா? உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி வழியாக, ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகள் ஆயிரக்கணக்கான இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ படிக்கலாம். உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதியவேண்டும். ஆய்வைக் கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தோடு இயங்கும் டிடிஆர் என்ற வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டத்தின் சார்ட் இட் என்ற செயல்பாட்டு ஆய்வுப் பயிற்சியைத் தேடிப்பாருங்கள். வெளியிடும்போது, நான்கு நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணத்தை அனுப்புங்கள் என்று புகழ்ந்து கடிதம் எழுதும் இதழ்களை ஒதுக்குங்கள். நல்ல திறந்தநிலை இதழ்கள் (யாரும் இலவசமாகப் படிக்கலாம், கட்டணம் எழுதுபவரிடம்) பலவற்றில் ஏழை நாட்டு ஆசிரியர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சரி, ரத்த மாதிரிகள். 2007 வாக்கில் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகங்களுக்குத் தர மறுத்தது. எங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸை வைத்துத் தடுப்பூசி செய்கிறார்கள், அதை வாங்க எங்களிடம் பணம் இல்லை, இது என்ன நியாயம் என்பது அதன் கேள்வி. பெருந்தொற்று வரும் அபாயம் இருக்கும்போது இப்படி மறுக்கலாமா என்று திட்டியவர்களும் உண்டு, அதிலும் அர்த்தம் இருந்தது. ஆனால் அந்தச் சண்டையின் விளைவாகத்தான் 2011இல், மாதிரி தருவதோடு பலனையும் பகிரவேண்டும் என்ற உலக உடன்பாடு, அந்தக் காய்ச்சல் வைரஸ்களுக்கு மட்டுமாவது, வந்தது.

உங்கள் விஷயத்திலும் பெயர் போடுவது பெரிய சலுகை இல்லை. மாதிரி அனுப்பியது மட்டும் ஆசிரியராக ஆகத் தகுதியாகாது என்பது மருத்துவ இதழ்களின் பொது விதி. ஆய்வை வடிவமைப்பதிலோ தகவலைத் திரட்டுவதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கிருக்க வேண்டும், எழுத்திலும் பங்கிருக்க வேண்டும், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்கவும் வேண்டும். அதனால் இப்படிப் பதில் எழுதுங்கள்: ஆய்வுத் திட்டத்தை முழுதாக அனுப்பவும், கேள்வியை நாம் சேர்ந்து திருத்தலாமா, மாதிரிகளை வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவீர்களா, மிச்சத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், எங்கள் தகவலின் பிரதி எங்களிடம் இருக்குமா, சோதனையில் நோயாளிக்குத் தெரிவிக்கவேண்டிய ஏதாவது வந்தால் அவரிடம் யார் சொல்வது, எங்கள் ஆய்வக ஊழியர் ஒருவருக்கு அங்கே பயிற்சி தருவீர்களா. பதில்கள் ஒழுங்காக வந்தால், அவற்றை மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமாக எழுதி வாங்கி, உங்கள் நாட்டு நெறிமுறைக் குழுவிடமும், மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு அனுமதி தேவையென்றால் அங்கேயும் கொடுங்கள். அவர்கள் நாட்டுக் குழுவின் அனுமதி மட்டும் போதாது. அதுவரை ஒரு குழாய் ரத்தம்கூட எடுக்கவேண்டாம்.