பொழுது சாய்ந்தால் ‘ஊட்டுக்குப் போகோணும்’ என்கிறார்

கேள்வி: டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்ட என் மாமியாருக்கு வயது 76. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். பொழுது சாய்ந்தால் போதும், ‘ஊட்டுக்குப் போகோணும், எருமைக்குத் தண்ணி காட்டோணும்’ என்று கிளம்பிவிடுகிறார். எருமையை விற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. ‘இதுதானே உங்க வீடு’ என்றால் அடிக்க வருகிறார். இரவில் எனக்கும் தூக்கமில்லை. அவருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா? புதிய மருந்து வந்திருக்கிறதாமே, அதில் குணமாகுமா?
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டாம், சகோதரி. மறதிநோயில் அந்தி நேரத்துக் குழப்பம் பரவலாகக் காணப்படுவது. வெளிச்சம் குறைவது, பகல் முழுவதும் சேர்ந்த அயர்ச்சி, பசி, சொல்லத் தெரியாத வலி ஆகியவை அதைக் கூட்டுகின்றன. குழப்பம் ஓரிரு நாட்களில் திடீரென மிகுந்திருந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் இருக்கின்றனவா என்று உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆயுள் முழுவதும் மாலை வேளையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் பால் கறந்தவருக்கு அந்த வேலை நினைவில் இன்னும் முடியவில்லை. எருமை விற்றாயிற்று என்று திருத்தினால், அவருக்கு அது புரியாததோடு நீங்கள் தன்னைத் தடுப்பதாகவும் தோன்றும். ‘அந்த எருமை ஒரு வேளைக்கு எவ்வளவு கறக்கும், அத்தை?’ என்று கேட்டுப் பாருங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டு, ஒரு முறத்தில் கடலைக்காயைக் கொட்டி உரிக்கக் கொடுங்கள். உரித்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. அவரவர் பழக்கத்துக்கேற்ற வேலையைக் கொடுப்பதால் பதற்றம் தணிகிறது என்பதை அமெரிக்காவில் லாரா கிட்லின் குழுவினர் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

தூக்க மாத்திரை முதியவர்களுக்குத் தடுமாற்றத்தைக் கூட்டிக் கீழே விழச் செய்யக்கூடும். மனநோய்க்கான மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தை உயர்த்துகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்துள்ளது. ஆகவே மருத்துவர் எழுதித் தராமல் எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். லெக்கானிமேப், டோனனிமேப் என்னும் புதிய மருந்துகள், மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் மட்டும் சரிவை ஓரளவு தாமதப்படுத்துகின்றன. இழந்த நினைவை மீட்பதில்லை, மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ ஏற்படுத்தக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேனும் தேவைப்படுகிறது.

இனி உங்களைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்தத் தூக்கமில்லை என்ற ஒரு வரிதான். பராமரிப்பவருக்குத் தரும் பயிற்சியும் ஆதரவும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது என் உறுதியான எண்ணம். லண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழுவினர் உருவாக்கிய எட்டு அமர்வுப் பயிற்சியைப் பெற்ற குடும்பத்தினரிடம் மனச்சோர்வு குறைந்தது. அந்தப் பலன் ஆறு ஆண்டுகள் வரை நீடித்தது. அமர்வுகளை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உளவியல் பட்டதாரிகள். கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வழிகாட்டியதிலும் பராமரிப்போரின் மனநலம் மேம்பட்டதாக 2008-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணில் பேசி, உங்கள் பகுதியில் கிடைக்கும் உதவிகளைக் கேட்டறியுங்கள். அதற்கு முன், வாரத்தில் சில இரவுகளாவது உங்கள் கணவர் தாயின் அருகில் படுக்க, நீங்கள் வேறு அறையில் தூங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்; இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.